ஏட்டுக் கோதுமை: 2022-இல் ஒரு முன்மதிப்பீடு தவறியபோது நடந்தவை

2022 மே 12, வியாழக்கிழமை. இந்தியக் கோதுமைக்கு ஆள் பிடிக்க மொராக்கோ, துனிசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, வியட்நாம், துருக்கி, அல்ஜீரியா, லெபனான் என்று ஒன்பது நாடுகளுக்கு வர்த்தகக் குழுக்களை அனுப்பப்போவதாக மத்திய வர்த்தக அமைச்சகம் அறிவித்தது. அந்த ஆண்டு 100 லட்சம் டன் ஏற்றுமதி செய்வதாகத் திட்டம். அதே நாள் மாலை ஏப்ரல் மாதச் சில்லறைப் பணவீக்கக் கணக்கு வெளியானது: 7.79 சதவீதம், எட்டு ஆண்டுகளில் இல்லாத உயரம். மறுநாளே கோதுமை ஏற்றுமதிக்குத் தடை போட்டுவிட்டார்கள்.

ஒரே நாளில் இப்படித் தலைகீழாகத் திரும்பியதற்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டன: உக்ரைன் போர், வெப்ப அலை, உலகச் சந்தை விலை. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த ஒன்பது நாட்டுப் பயணத் திட்டம் எதை நம்பிப் போடப்பட்டது என்று தேடிப்போனால், மூன்று மாதங்களுக்கு முன் வேளாண் அமைச்சகம் வெளியிட்ட ஒரு எண்ணில் போய் நிற்போம். 1,113.2 லட்சம் டன். தசமப் புள்ளிக்குப் பிறகும் ஒரு இலக்கம் உண்டு, கவனியுங்கள். அந்த எண் எப்படி உண்டானது, எவ்வளவு தவறியது, யார் யார் கணக்கை எப்படிக் கலைத்தது என்பதே இந்த ஆய்வு.

பிப்ரவரியில் சொன்ன எண்

மத்திய வேளாண் அமைச்சகத்தின் பொருளியல், புள்ளியியல் இயக்குநரகம் ஒரு பயிராண்டுக்குப் பலமுறை முன்மதிப்பீடு வெளியிடும். அன்றைய நடைமுறையில், செப்டம்பர் வாக்கில் வந்த முதல் மதிப்பீட்டில் காரிப் (மழைக்காலப்) பயிர்கள் மட்டும்தான். கோதுமை ராபிப் (குளிர்காலப்) பயிர், அதனால் அது முதன்முதலில் தலைகாட்டியது பிப்ரவரியில் வந்த இரண்டாம் மதிப்பீட்டில். 2022-இல் அது பிப்ரவரி 16 அன்று வந்தது. மே மாதம் மூன்றாவது, ஆகஸ்டில் நான்காவது, அடுத்த ஆண்டு இறுதிக் கணக்கு என்று பிறகு போய்க்கொண்டே இருந்தது.

இதில் உற்பத்தி என்பது இரண்டு எண்களைப் பெருக்கி வருவது: சாகுபடிப் பரப்பு, ஹெக்டேருக்கு மகசூல். பரப்பு கிராமப் பதிவேட்டிலிருந்து வர வேண்டும். நம் ஊரில் கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலுக்கு இணையாக, வடக்கே பட்வாரி எழுதும் கிர்தாவரி. எல்லா கிராமத்துக் கணக்கும் வரும்வரை காத்திருக்க முடியாது என்பதால், 20 சதவீத கிராமங்களில் மட்டும் முன்னதாகப் பார்த்து அனுப்பும் ஏற்பாடு உண்டு. மகசூலுக்குப் பயிர் அறுவடைப் பரிசோதனை: தேர்ந்தெடுத்த வயலில், பெரும்பாலான மாநிலங்களில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம் போட்டு, அதில் விளைந்ததை அறுத்து, அடித்து, எடைபோடுவது. செயற்கைக்கோள் படமும் வானிலைத் தரவும் வைத்து கணிக்க டெல்லியில் மகாலநோபிஸ் தேசியப் பயிர் முன்கணிப்பு மையம் 2012 முதல் இருக்கிறது.

முறையில் பெரிய குறை சொல்ல முடியாது. சிக்கல் தேதியில் இருக்கிறது. பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் கோதுமை அறுவடை ஏப்ரலில். அறுக்காத வயலில் அறுவடைப் பரிசோதனை செய்ய முடியாது. ஆகவே பிப்ரவரி எண்ணில் பரப்பு ஓரளவு பார்த்துச் சொல்வது. மகசூல் முந்தைய ஆண்டுகளின் போக்கை வைத்துச் சொல்வது. 'வானிலை வழக்கம்போல் இருந்தால்' என்ற நிபந்தனை அதற்குள் ஒளிந்திருக்கிறது, ஆனால் எண்ணோடு சேர்த்து அது அச்சிடப்படுவதில்லை.

அந்த ஆண்டு கோதுமைக்கு அமைச்சகம் வைத்திருந்த இலக்கு 1,100 லட்சம் டன். மதிப்பீடு 1,113. அடுத்த ஆண்டின் இலக்கு 1,120, பிப்ரவரி மதிப்பீடு 1,121.8. இந்த நெருக்கம் தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் மாவு மில்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

மார்ச்சில் அடித்த வெயில்

2022 மார்ச், இந்திய வானிலைத் துறை கணக்கு வைக்கத் தொடங்கிய 1901-க்குப் பிறகு வந்த மார்ச் மாதங்களிலேயே மிக வெப்பமானது. நாடு முழுமைக்குமான சராசரி அதிகபட்ச வெப்பநிலை 33.1 டிகிரி, வழக்கத்தைவிட ஏறத்தாழ 1.9 டிகிரி கூடுதல். கோதுமைக்கு மார்ச் என்பது பால் பிடித்து மணி திரளும் காலம். அந்த நேரத்தில் வெயில் ஏறினால் செடி அவசர அவசரமாக முற்றிவிடும், மணி சுருங்கிப்போகும். தூரத்திலிருந்து பார்க்கும்போது வயல் நன்றாகவே தெரியும், கதிரின் எண்ணிக்கையும் குறையாது. எடைதான் குறையும். செயற்கைக்கோளுக்கு இதைக் கண்டுபிடிப்பது சுலபமில்லை. வயலில் இறங்கி கதிரைக் கசக்கிப் பார்த்த விவசாயிக்கு மார்ச் கடைசியிலேயே தெரிந்திருக்கும்.

பஞ்சாபில் முந்தைய ஆண்டு ஹெக்டேருக்கு 48 குவிண்டாலைத் தாண்டியிருந்த மகசூல் 42 குவிண்டால் அளவுக்கு இறங்கியது. மணி எவ்வளவு சூம்பிப்போனது என்பதற்கு அரசே ஒரு சான்று தந்தது: அரசுக் கொள்முதலில் 6 சதவீதம் வரைதான் சுருங்கிய மணி இருக்கலாம் என்ற விதியை, மே நடுவில் பஞ்சாபுக்கும் ஹரியாணாவுக்கும் 18 சதவீதமாகத் தளர்த்தினார்கள். அதற்காக விலையிலும் பிடித்தம் செய்யவில்லை.

இத்தனைக்கும் ஏப்ரல் முழுக்க, ஏன் மே முதல் வாரம் வரை, ஏட்டில் நின்றது பிப்ரவரி எண்தான். உலக வர்த்தக அமைப்பு அனுமதித்தால் நாளையிலிருந்தே உலகுக்கு உணவு அனுப்ப இந்தியா தயார் என்று அமெரிக்க அதிபரிடம் கூறியதாகப் பிரதமர் ஏப்ரல் 12 அன்று பேசினார். மே 4 அன்று உணவுத்துறைச் செயலர் முதன்முறையாக 1,050 லட்சம் டன் என்றார், கூடவே ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் தேவை இல்லை என்றும் சொன்னார். ஒன்பது நாளில் தடை. முறைப்படியான மூன்றாம் மதிப்பீடு, 1,064.1 லட்சம் டன், வெளிவந்தது மே 19 அன்று. முதலில் முடிவு, அப்புறம் அதற்கான புள்ளிவிவரம்.

மூன்று சதவீதம்தானே?

இறுதிக் கணக்கில் அந்த ஆண்டுக் கோதுமை 1,077.4 லட்சம் டன் என்று எழுதி மூடினார்கள். பிப்ரவரி எண்ணோடு ஒப்பிட்டால் பிழை 3.2 சதவீதம். எந்தப் பயிர்க் கணிப்புக்கும் இது கௌரவமான பிழை. இதை வைத்து ஒருவர் 'மதிப்பீடு சரியாகத்தான் இருந்தது' என்று வாதாடலாம்.

கொள்முதலைப் பாருங்கள். அரசு வைத்திருந்த இலக்கு 444 லட்சம் டன். முந்தைய ஆண்டு வாங்கியது 433 லட்சம் டன். 2022-இல் வாங்க முடிந்தது 188 லட்சம் டன். 57 சதவீதம் பள்ளம். மத்தியப் பிரதேசத்தில் 128 லட்சம் டன் வாங்கிய இடத்தில் 46 லட்சம். ஹரியாணாவில் ஏறக்குறைய 85-இலிருந்து 42. பஞ்சாபில் 132-இலிருந்து 96 சொச்சம். உத்தரப் பிரதேசத்தில் இலக்கு 60 லட்சம் டன், வாங்கியது மூன்றரை லட்சத்துக்கும் குறைவு.

3 சதவீதப் பிழை எப்படி 57 சதவீதமாக வீங்கியது? அரசுக்கு வந்து சேருவது மிச்சக் கோதுமை. விவசாயி வீட்டுக்கும் விதைக்கும் எடுத்துவைக்கிறார். அப்புறம் வியாபாரி நல்ல விலை கேட்டால் அவருக்குக் கொடுக்கிறார். ஒருவரும் கேட்காததுதான் குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு மண்டியில் அரசிடம் வரும். 2022-இல் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,015 ரூபாய். பிப்ரவரி 24-இல் தொடங்கிய போர் கருங்கடல் வழியே போகும் ரஷ்ய, உக்ரைன் கோதுமையை முடக்கிவிட்டதால், ஏற்றுமதியாளர்கள் அதற்கு மேல் கொடுக்கத் தயாராக நின்றார்கள். 'விளைச்சல் குறையப்போகிறது' என்று மோப்பம் பிடித்த வியாபாரிகளும் வாங்கிப் பதுக்கினார்கள். மேலே விழுந்த சின்னக் கீறல் அடியில் இருப்பவன் தட்டில் பெரிய ஓட்டையாகிவிட்டது.

பிழையின் அளவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம் என்பதற்கு 2015 நல்ல சாட்சி. அந்த பிப்ரவரியில் சொன்னது 957.6 லட்சம் டன். மார்ச்சில் பருவம் தப்பிய மழையும் ஆலங்கட்டியும் அடித்து, இறுதியில் நின்றது 865.3 லட்சம் டன். ஏறக்குறைய 10 சதவீதப் பிழை, 2022-ஐப்போல் மூன்று மடங்கு. ஆனாலும் அந்த ஆண்டு கொள்முதல் 280 லட்சம் டன், அதற்கு முந்தைய ஆண்டும் 280 லட்சம் டன். ஒரு சலனமும் இல்லை! காரணம், அன்று உலக விலை மலிவு. ஆதரவு விலைக்கு மேல் கொடுக்க ஆள் இல்லை. நனைந்த கோதுமையையும் அரசு விதியைத் தளர்த்தி வாங்கிக்கொண்டது. தரமான கோதுமைக்குத் தட்டுப்பாடு வந்தபோது தென்னிந்திய மாவு மில்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து இறக்கிக்கொண்டன. அதுவே மலிவு என்று ஆனதும், ஆகஸ்டில் 10 சதவீதமும் அக்டோபரில் 25 சதவீதமும் இறக்குமதி வரி போட்டார்கள்.

ஆக, ஒரு முன்மதிப்பீட்டின் பிழை பட்ஜெட்டைக் கடிக்குமா கடிக்காதா என்பது அந்த நேரத்துச் சந்தை விலையைப் பொறுத்தது. அதிர்ஷ்டமான ஆண்டில் யாரும் கவனிக்காமல் போன பிழை, மோசமான ஆண்டில் தலைப்புச் செய்தி. அதிர்ஷ்டமான ஆண்டுகளில் அதைத் திருத்தவும் யாருக்கும் தோன்றாது என்பது இதன் இன்னொரு பக்கம்.

பிப்ரவரி எண் எப்போதும் கூட்டித்தான் சொல்கிறது என்றும் நினைத்துவிடக் கூடாது. 2017 முதல் 2020 வரை நான்கு அறுவடைகளிலும் இறுதிக் கணக்கு பிப்ரவரி எண்ணைவிட உயர்ந்தே வந்தது. 2019-இல் 991 லட்சம் டன் என்றது 1,036 ஆனது. வானிலை நன்றாக இருந்தால் கீழே நிற்கிறது, கெட்டால் மேலே நிற்கிறது. போக்குக் கோடு அப்படித்தான் நடந்துகொள்ளும்.

பட்ஜெட்டில் எது எவ்வளவு?

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2022-23 மத்திய பட்ஜெட்டில் உணவு மானியத்துக்கு ஒதுக்கியது 2.07 லட்சம் கோடி ரூபாய். திருத்திய மதிப்பீட்டில் 2.87 லட்சம் கோடி ஆனது. கடைசியில் செலவானது ஏறக்குறைய 2.73 லட்சம் கோடி. 'பார், பயிர்க் கணிப்பு தவறி 66,000 கோடி ஓட்டை' என்று எழுதிவிட்டுப் போகலாம். அது பொய்யாகிவிடும்.

அந்த உயர்வின் முக்கியக் காரணம் கோதுமை விளைச்சலே அல்ல. கொரோனா காலத்தில் தொடங்கிய இலவச தானியத் திட்டம் 2022 மார்ச்சோடு முடியும் என்ற கணக்கில் பட்ஜெட் போடப்பட்டது. மார்ச் 26 அன்று அதை ஆறு மாதம் நீட்டினார்கள், செலவு 80,000 கோடி என்று சொல்லி. செப்டம்பரில் இன்னும் மூன்று மாதம், 44,762 கோடி. இரண்டையும் பட்ஜெட் எண்ணோடு கூட்டினால் 3.32 லட்சம் கோடி வர வேண்டும். வந்தது 2.73. செலவு கூடியதைவிட, ஏன் இவ்வளவு குறைவாகக் கூடியது என்பதே எனக்குச் சுவாரசியமான கேள்வியாகப் படுகிறது.

விடையின் ஒரு துண்டு கொள்முதலில் கிடக்கலாம். 444 லட்சம் டன்னை 2,015 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் விவசாயிகளுக்கு மட்டும் சுமார் 89,500 கோடி கொடுக்க வேண்டும். 188 லட்சம் டன்னுக்கு 37,900 கோடி போதும். 51,000 கோடிக்கு மேல் அந்தப் பருவத்தில் வெளியே போகவில்லை. கணிப்பு தவறியதில் கஜானாவுக்கு அந்த ஆண்டு ஒரு விதத்தில் மிச்சம்! ஆனால் இந்த முழுத் தொகையும் மானியமல்ல. வாங்கிய தானியம் கிடங்கில் சொத்தாக நிற்கும், விநியோகிக்கும்போதுதான் மானியமாக எழுதப்படும். பட்ஜெட் ஆவணத்தைப் புரட்டினால் இந்திய உணவுக் கழகத்துக்கு இவ்வளவு, மாநிலங்களே வாங்கும் திட்டத்துக்கு இவ்வளவு என்றுதான் தலைப்புகள். கோதுமைக்குத் தனி, அரிசிக்குத் தனி என்று கிடையாது. அதனால் கோதுமைக் கணிப்பு தவறியதன் விலை என்ன என்று பட்ஜெட்டில் எந்த வரியும் காட்டாது. வேறு இடங்களில் தேட வேண்டியிருக்கிறது.

முதல் இடம், ரேஷன். கோதுமை போதாது என்றதும் மே மாதமே இலவசத் திட்டத்தில் 55 லட்சம் டன் கோதுமைக்குப் பதில் அரிசி என்று மாற்றினார்கள். பீகார், கேரளா, உத்தரப் பிரதேசம் மூன்றுக்கும் அந்தத் திட்டத்தில் கோதுமையே இல்லை என்றானது. உணவுக் கழகத்துக்கு அந்த ஆண்டு ஒரு கிலோ கோதுமை கொள்முதல், மூட்டை, லாரி, கிடங்கு, வட்டி எல்லாம் சேர்ந்து சுமார் 26 ரூபாய் அடங்கியது. அரிசி சுமார் 37 ரூபாய். கிலோவுக்குப் பத்து ரூபாய் என்று வைத்தாலே 55 லட்சம் டன்னுக்கு 5,500 கோடி. அரிசி கிடங்கில் வழிந்துகொண்டிருந்தது என்பதால் கையிலிருந்து புதிதாகப் பணம் போகவில்லை என்று சொல்லலாம். ஆனால் அந்த அரிசியும் சும்மா வந்ததில்லை. செப்டம்பரில் நொய் அரிசி ஏற்றுமதிக்குத் தடையும் பச்சரிசி ஏற்றுமதிக்கு 20 சதவீத வரியும் வந்தபோது, கோதுமையின் குறை அரிசிக்கும் தொற்றிக்கொண்டது என்று புரிந்தது. அந்த ஆண்டு கிழக்கு மாநிலங்களில் மழை பொய்த்து நெல் நடவு குறைந்ததும் அதில் சேரும்.

இரண்டாவது, மாநில அரசுகள். பஞ்சாபில் கொள்முதலுக்கு முன்பே, எதிர்பார்க்கும் அளவை வைத்து ரிசர்வ் வங்கியிடம் கடன் வரம்பு வாங்குவார்கள். சாக்கு மூட்டைகளுக்கு மாதங்களுக்கு முன்பே கொல்கத்தா சணல் ஆலைகளுக்கு ஆர்டர் போகும். லாரி, சுமை கூலி, கிடங்கு எல்லாம் அந்த எண்ணைப் பார்த்துத்தான். மண்டியில் விற்கும் கோதுமைக்கு 3 சதவீதம் சந்தைக் கட்டணம் மாநிலத்தின் மண்டி வாரியத்துக்குப் போகும். தனியார் வாங்கிய சில லட்சம் டன்னைக் கழித்து, மண்டிக்கு வராமல் போனது 30 லட்சம் டன் என்று வைத்தால், சந்தைக் கட்டணத்தில் மட்டும் 180 கோடி வரை துண்டு விழுந்திருக்கும். இது என் பேனாக் கணக்கு. கிராம வளர்ச்சி நிதி என்று தனியாக ஒரு 3 சதவீதம் உண்டு. அதில் மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும் நடக்கும் சண்டை வேறு கதை.

மூன்றாவதுதான் பெரியது. அது அடுத்த ஆண்டுக்கு நகர்ந்துபோன செலவு.

கிடங்கின் அடி தெரிந்தபோது

2022 ஏப்ரல் 1 அன்று மத்தியத் தொகுப்பில், அதாவது அரசின் தானியக் கையிருப்பில், 190 லட்சம் டன் கோதுமை இருந்தது. ஓர் ஆண்டு கழித்து 83 லட்சம் டன். அந்தத் தேதிக்குக் கட்டாயம் இருக்க வேண்டிய அளவு 74.6 லட்சம் டன். நூலிழையில் தப்பியது. இடையில் 2023 ஜனவரியில் சந்தையில் கோதுமை குவிண்டால் 3,000 ரூபாயைத் தாண்டியது. அந்த மாதம் தானியங்களின் சில்லறை விலை முந்தைய ஆண்டைவிட 16 சதவீதம் கூடுதல்.

ஜனவரி 25 அன்று 30 லட்சம் டன்னை வெளிச்சந்தையில், பெரும்பகுதியை ஏலத்தில், விற்பதாக அரசு அறிவித்தது. பிப்ரவரியில் இன்னும் 20 லட்சம். ஆரம்ப ஏல விலை 2,350 ரூபாய், பிறகு 2,150. உணவுக் கழகத்துக்கு அடங்கும் விலையைவிட இரண்டும் குறைவு. வித்தியாசம் மானியக் கணக்கில்தான் ஏறும். ஜூன் 2023-இல் வியாபாரிகளுக்கு இருப்பு உச்சவரம்பு. அந்த நிதியாண்டில் வெளிச்சந்தையில் விற்றது 90 லட்சம் டன்னுக்கு மேல். நவம்பரில் 'பாரத் ஆட்டா' என்று கிலோ 27.50 ரூபாய்க்கு வண்டியில் வைத்து விற்றார்கள். தமிழ்நாட்டில் கோதுமை விளைவது அரிது, பரோட்டாக் கடைக்கு வேண்டிய மைதா பெரும்பாலும் வடக்கிலிருந்து வரும் கோதுமையில்தான் அரைபடுகிறது. மதுரையில் பரோட்டா விலை ஏறியதற்கும் லூதியானாவில் மணி சூம்பியதற்கும் உறவு உண்டு.

இத்தனை நடக்கும்போது ஏடு என்ன சொன்னது? 2023 அறுவடை 1,105.5 லட்சம் டன், முந்தைய ஆண்டைவிட 28 லட்சம் டன் கூடுதல் என்றது. மாவு மில் சங்கங்கள் 1,010 முதல் 1,030 லட்சம் டன் என்றன. கொள்முதல் இலக்கு 341.5 லட்சம் டன், கிடைத்தது 262. ஏற்றுமதி அடைத்துக் கிடக்கிறது, விளைச்சல் சாதனை என்கிறார்கள், ஆனால் விலை இறங்கவில்லை, அரசுக்கும் கோதுமை வரவில்லை. ஏதோ இடிக்கிறது.

ரேஷன் கடைக்காரர் மாதக் கடைசியில் இருப்பு சரிபார்ப்பதுபோல் நாமே ஒரு சோதனை போடலாம். ஏப்ரல் தொடக்க இருப்போடு அந்த அறுவடையைக் கூட்டி, ஏற்றுமதியையும் ஆண்டிறுதி இருப்பையும் கழித்தால், நாட்டுக்குள் தீர்ந்த கோதுமை வரும். 2020-21-இல்: 247, கூட்டு 1,079, கழி 21, கழி 273. விடை 1,032 லட்சம் டன். 2021-22-இல் இதே கணக்கு 1,107 தருகிறது. 2022-23-இல், அதாவது வெயில் அடித்த அறுவடையின் ஆண்டில்: 190, கூட்டு 1,077, கழி 47, கழி 83. விடை 1,137.

இரண்டே ஆண்டில் நாட்டின் கோதுமைத் தேவை 105 லட்சம் டன் கூடியது என்கிறது ஏடு. அதிலும், விலை ஏறி, ரேஷனில் கோதுமையைக் குறைத்து அரிசி கொடுத்த ஆண்டில் மக்கள் முன்பைவிட அதிகக் கோதுமை தின்றிருக்கிறார்கள்! வியாபாரிகளிடமும் விவசாயிகளிடமும் இருந்த கையிருப்பு இந்தக் கணக்கில் வராது என்பது உண்மை. கொஞ்சம் அங்கே ஒளிந்திருக்கலாம். ஆனால் அப்படி ஒளிந்த கோதுமை, 3,000 ரூபாய் விலை வந்தபோது வெளியே வந்திருக்க வேண்டாமா? அமெரிக்க வேளாண் துறை 2022 அறுவடையைக் கடைசியில் 1,040 லட்சம் டன் என்று பதிந்தது. அதைப் போட்டுப் பார்த்தால் விடை 1,100-க்கு வருகிறது, கொஞ்சம் நம்பும்படியாக இருக்கிறது. இறுதி எண்ணே கூடுதலாக இருந்தால், பிப்ரவரி எண்ணின் பிழை 3 சதவீதம் அல்ல, 6 அல்லது 7. எதை வைத்துப் பிழையை அளக்கிறோமோ அந்த அளவுகோலே ஆடுகிறது.

என் கருத்தில் இந்த நிகழ்வின் மையமே இதுதான். மார்ச் வெயிலைப் பிப்ரவரியில் கணிக்கவில்லை என்று யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வெயில் அடித்து முடிந்த பிறகும் எண் இறங்கி வர மறுத்ததே அரசின் அடுத்த இரண்டு ஆண்டுக் கணக்குகளைக் குழப்பியது.

எண்ணோடு சேர்த்து அச்சிட வேண்டியது

அமெரிக்க வேளாண் துறை மாதந்தோறும் வெளியிடும் வழங்கல்–தேவை அறிக்கையின் பின்பக்கத்தில் ஓர் அட்டவணை இருக்கும்: இதே மாதத்தில் நாங்கள் முன்பு சொன்ன கணிப்புகள் சராசரியாக எவ்வளவு தவறின, எத்தனை முறை கூட, எத்தனை முறை குறைய என்று அவர்களே தங்கள் பிழையை அச்சிட்டுக் கொடுப்பார்கள். வெளியிடும் தேதியும் நேரமும் ஓராண்டுக்கு முன்பே தெரியும். அவர்களும் தவறத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த எண்ணை எடுத்துப் பட்ஜெட் போடுபவருக்கு அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரியும்.

நம் முன்மதிப்பீட்டில் அப்படி ஒரு வரி இல்லை. இருந்திருந்தால் '1,113 லட்சம் டன், ஆனால் கடந்த பத்தாண்டில் இந்த எண் 92 லட்சம் டன் வரை இறங்கியதுண்டு' என்று பிப்ரவரியிலேயே படித்திருப்போம். 2015-இன் பாடம் அதே இயக்குநரகத்தின் அலமாரியில்தான் இருக்கிறது. நிதி அமைச்சகத்துக்கு இதில் இன்னொரு சங்கடம்: பட்ஜெட் பிப்ரவரி 1-இல். 2022-இல் கோதுமையின் முதல் மதிப்பீடு வந்தது அதற்கும் இரண்டு வாரம் பிந்தி. வரும் ஆண்டின் உணவு மானியம், பெரும்பாலும் இலக்கையும் போன ஆண்டு அனுபவத்தையும் நம்பித்தான் எழுதப்படுகிறது.

திருத்த வழி தெரியாமலும் இல்லை. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பல்லாண்டு பணியாற்றிய பொருளியலறிஞர் அ. வைத்தியநாதன் தலைமையிலான குழு 2011-இலேயே அறிக்கை கொடுத்தது. லட்சக்கணக்கான கிராமங்களை அரைகுறையாக எண்ணுவதைவிட, நாடு முழுக்கச் சுமார் 15,000 கிராமங்களை ஒழுங்காக எண்ணினால் தேசிய, மாநில அளவில் நம்பத்தக்க கணக்கு கிடைக்கும் என்றது. வேளாண் அமைச்சகத்தின் இலக்குகளோடு ஒட்டாத, தன்னாட்சியுள்ள தேசியப் பயிர்ப் புள்ளியியல் மையம் ஒன்று வேண்டும் என்றது. அந்தத் தன்னாட்சி மையம் வரவில்லை. செல்பேசியில் வயலைப் படம்பிடித்துப் பதியும் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பும், அறுவடைப் பரிசோதனையைச் செயலியில் பதிவதும் இப்போது பரவி வருகின்றன. பரப்புக் கணக்கு இதனால் தெளியும் என்று நம்பலாம். ஆனால் அளப்பவரும் இலக்கு வைப்பவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்வரை, மில்காரர்களின் சிரிப்பு நிற்காது.

2025 அறுவடைக்கு அரசு மே மாதம் சொன்ன எண் 1,175 லட்சம் டன். அதுவரை இல்லாத உச்சம். கொள்முதலும் 300 லட்சம் டன்னைத் தொட்டது, நான்கு ஆண்டுகளில் அதுவே அதிகம். அந்த மே மாதக் கடைசியிலேயே, வியாபாரிகளும் மில்களும் எவ்வளவு கோதுமை வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பை 2026 மார்ச் வரை மறுபடி விதித்தார்கள். ஆகஸ்டில் அதை இன்னும் இறுக்கினார்கள். 2022 மே 13-இல் போட்ட ஏற்றுமதித் தடை அப்போதும் நீக்கப்படவில்லை.